மறைவிடமும் வாய்மையும்

இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில், உல்வர்ஹாம்ப்டன் நகருக்கு வடக்கே சில கல் தொலைவில், மோஸ்லி ஓல்டு ஹால் என்றொரு பழைய பண்ணை வீடு இருக்கிறது. சாலையிலிருந்து காண்போருக்கு அது செங்கல் வீடாகவே தோன்றும். உள்ளே சென்றபின்தான் அது மரவீடு என்பது விளங்கும். 1600ஆம் ஆண்டையொட்டி ஹென்றி பிட் என்ற வணிகர் அதைக் கட்டினார். அக்காலத்து ஆங்கிலேயப் பண்ணை வீடுகளுக்கு ஓக் மரச்சட்டமே எலும்புக்கூடு. தூணும் உத்தரமும் சாய்வுக் கட்டைகளும் மரமுளைகளால் பிணைக்கப்பட்டு நிற்கும். இடைவெளிகளில் மிலாறு பின்னிக் களிமண் அப்பிச் சுண்ணாம்பு பூசுவர். பாரம் முழுவதையும் மரமே தாங்கும். சுவர் வெறும் திரை. இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் வெயிலிலும் பனியிலும் நின்ற இந்தச் சட்டத்தை 1870களில் செங்கல்லால் போர்த்தினார்கள். பழைய சன்னல்களையும் மாற்றினார்கள். அதனால் வீட்டின் உண்மை உருவம் தனக்குள்ளேயே மறைந்துகொண்டது.

இதைவிட ஆழமான மறைவு ஒன்றும் அவ்வீட்டில் உண்டு. மாடியில் ஒரு படுக்கையறை. அதையொட்டி ஒரு சிற்றறை. சிற்றறையின் தரைப்பலகையில் ஒரு மூடி. மூடியைத் தூக்கினால் கீழே ஒரு குழி. ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு ஒடுங்கலாம். வளர்ந்த மனிதர் நிமிர்ந்து நிற்கவோ நீட்டிப் படுக்கவோ முடியாது. குருக்களை ஒளித்துவைப்பதற்காக ஏற்பட்ட இடம் அது. அக்காலத்துக் கத்தோலிக்கர் வீடுகள் பலவற்றில் இத்தகைய மறைவிடங்கள் இருந்தன.

கட்டடக் கலையைப் பற்றி எழுதியவர்களுள் அறநெறியை அளவுகோலாகக் கொண்டவர் ஜான் ரஸ்கின். 1849இல் அவர் வெளியிட்ட 'கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்' என்னும் நூலில் ஒரு விளக்குக்கு வாய்மை என்றே பெயர். மரத்தைப் பளிங்குபோல் வண்ணம் பூசிக் காட்டுவதையும், பாரம் தாங்காத தூணைத் தாங்குவதுபோல் நிறுத்துவதையும் அவர் வஞ்சகம் என்றே கண்டித்தார். ஆயினும் ஒரு வேறுபாட்டை அவர் கவனமாகப் பேணினார். கட்டடக் கலைஞன் தன் கட்டடத்தின் உள்ளமைப்பை வெளியே காட்டக் கடமைப்பட்டவன் அல்லன். மனித உடலின் தோல் எலும்பையும் நரம்பையும் மூடியிருப்பதை யாரும் பொய் என்று குறைகூறுவதில்லையே என்றார். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது ஒன்று. இருப்பதைக் காட்டாமல் விடுவது வேறொன்று. செங்கற்போர்வை இந்தத் தேர்வில் எளிதாகத் தேறிவிடும். தரைக்கடியில் இருக்கும் குழி தேறுமா? அந்தப் பலகை, தன்மீது காலூன்றி நிற்கும் காவலனிடம், "என் கீழே ஒன்றுமில்லை" என்றல்லவா சொல்லுகிறது?

வேடிக்கைக் கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தக் குழியை வெட்டியவர்கள் பொய்யைப் பாவம் என்று நம்பியவர்கள். பாவம் செய்யாதிருப்பதற்காகவே அரசாணையை மீறியவர்கள். மனச்சான்றுக்காக எல்லாவற்றையும் இழக்கத் துணிந்த ஒருவர், அதே மனச்சான்றைக் காக்க ஏமாற்று வேலை செய்யலாமா?

அன்றைய சட்டத்தின் கடுமையை நினைவில் கொள்ளவேண்டும். அரசு வழிபாட்டுக்கு வராத கத்தோலிக்கருக்கு 1581ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் 20 பவுண்டு அபராதம் விதித்தது. சாதாரணக் குடும்பத்தை அழித்துவிடப் போதுமான தொகை அது. 1585ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று வந்த ஆங்கிலேயக் குரு நாட்டில் இருப்பதே இராசத் துரோகம். அவருக்கு அடைக்கலம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றம். விருந்தோம்பல் தூக்குமரத்துக்குரிய செயலாயிற்று. நம் இலக்கியங்கள் இல்லறத்தின் பயனாகவே போற்றும் பண்பு அது என்பதை எண்ணிப் பார்த்தால் அச்சட்டத்தின் கொடுமை விளங்கும்.

இனி மோஸ்லி வீட்டின் புகழ்பெற்ற நிகழ்ச்சிக்கு வருவோம். 1651 செப்டம்பர் 3ஆம் நாள் வூஸ்டர் போரில் குரோம்வெல் படையிடம் இரண்டாம் சார்லஸ் தோற்றார். அவருக்கு வயது 21. தலைக்கு 1000 பவுண்டு விலை வைக்கப்பட்டது. பாஸ்கொபெல் பகுதியில் பெண்டரல் சகோதரர்கள் என்ற ஏழைக் கத்தோலிக்க உழைப்பாளிகள் அவரைக் காத்தனர். பின்னர் 8ஆம் நாள் விடியுமுன் மோஸ்லிக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். மரவெட்டியின் உடை, பொருந்தாத காலணி, கொப்புளம் வெடித்து இரத்தம் கசியும் பாதங்கள். வீட்டுத் தலைவர் தாமஸ் விட்கிரேவும், அங்கே மறைந்து வாழ்ந்த குரு ஜான் ஹடில்ஸ்டனும் அவரை ஏற்றனர். பாதங்கள் கழுவப்பட்டன, மாற்றுடை தரப்பட்டது. குருவிடம் கல்வி பயின்றுவந்த சிறுவர் மூவர் மாடிச் சன்னல்களில் காவலுக்கு நின்றனர்.

மறுநாள் பிற்பகல் வீரர்கள் வந்தார்கள். அரசரைத் தேடி அல்ல. விட்கிரேவ் வூஸ்டர் போரில் கலந்துகொண்டார் என்று எண்ணி அவரைப் பிடிக்க வந்தார்கள். ஆறடிக்கு மேல் உயரமான அரசர் குழிக்குள் இறங்கினார். விட்கிரேவ் அறைக் கதவுகள் அனைத்தையும் விரியத் திறந்துவைத்துவிட்டுத் தாமே கீழே சென்று அவர்களை எதிர்கொண்டார். தாம் வூஸ்டருக்குப் போகவில்லை என்றார். அது முழு உண்மை. முன்பு 1645இல் நேஸ்பிப் போரில் அரசர் பக்கம் நின்று காயம்பட்டவர் அவர். இம்முறை உடல்நலம் குன்றியிருந்ததால் போகவில்லை. அண்டை வீட்டாரும் அதற்குச் சான்று கூறினர். நெடுநேரம் வாதாடியபின் வீரர்கள் நம்பித் திரும்பினார்கள். முற்றத்தில் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்த கொல்லனிடம் ஒருவன் 1000 பவுண்டு ஆசைகாட்டிப் பார்த்தான்; பயனில்லை. அன்று நள்ளிரவு கடந்ததும் அரசர் அங்கிருந்து புறப்பட்டார்.

இந்நிகழ்ச்சியில் என்னை மிகவும் கவர்வது குழி அன்று, திறந்த கதவுகள். விட்கிரேவ் பேசிய சொல் ஒவ்வொன்றும் மெய். அவர் பேசாமல் விட்டதைச் சுவர் தாங்கிக்கொண்டது. தச்சனின் கைத்திறன் வீட்டுத் தலைவரின் நாவைப் பொய்யிலிருந்து காத்தது என்றுகூடச் சொல்லலாம். ஒளிய இடமில்லாத வீட்டில் "இங்கே யாரும் இல்லை" என்று சாதித்தே ஆகவேண்டும். ஒளிய இடமுள்ள வீட்டில், "வேண்டுமானால் தேடிப்பாருங்கள்" என்றால் போதும்.

இந்த நுட்பத்தைத் திருச்சபையின் மறைவல்லுநர்கள் அறியாதவர்கள் அல்லர். புனித அகுஸ்தீன் பொய்யைப் பற்றி எழுதிய நூலில், தம் சொந்த ஊரான தகாஸ்தேயின் ஆயராக முன்னாளில் இருந்த ஃபிர்முஸ் என்பவரைப் பற்றிச் சொல்கிறார். தேடப்பட்ட ஒருவரை அந்த ஆயர் மறைத்துவைத்திருந்தார். பேரரசரின் ஆட்கள் வந்து கேட்டபோது, தம்மால் பொய் சொல்லவும் முடியாது, அந்த மனிதரைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது என்று அறிவித்தார். சித்திரவதை செய்தார்கள், அவர் அசையவில்லை. பேரரசர் முன் கொண்டு நிறுத்தப்பட்டபோது அவருடைய உறுதியை வியந்து, மறைந்திருந்தவருக்கே மன்னிப்பு வழங்கப்பட்டது. எந்தப் பொய்யையும் ஏற்காத அகுஸ்தீனுக்கு இதுவே முன்மாதிரி. புனித தோமா அக்குவினாவும் பொய் எதுவாயினும் பாவமே என்றார். ஆனால் உண்மையை விவேகத்தோடு மறைத்துக்கொள்வது பொய்யாகாது என்று வழிவிட்டார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2489ஆம் எண்ணில், உண்மையை அறிய உரிமை இல்லாதவருக்கு அதை வெளிப்படுத்த எவரும் கடமைப்பட்டவர் அல்லர் என்கிறது.

விவிலியத்தில் எரிக்கோ நகரத்து இராகாபு இருக்கிறாள். ஒற்றர் இருவரைத் தன் வீட்டின் மேல்தளத்தில் சணல் தட்டைகளுக்குள் ஒளித்துவைத்தவள். அரசனின் ஆட்களிடம் அவள் மௌனம் காக்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள் என்று வாய்திறந்தே பொய் சொன்னாள். எபிரேயர் திருமுகமும் யாக்கோபு திருமுகமும் அவளைப் புகழ்கின்றன. ஒற்றரை ஏற்றுக்கொண்டதற்காகப் புகழ்கின்றன, பொய்க்காக அன்று என்பர் உரையாசிரியர்கள். அவளுடைய சூழ்நிலையில் நின்று பார்த்தால் இந்தப் பிரிப்பு சற்றுத் தாராளமாகவே தோன்றுகிறது. வாய்மைக்கு இலக்கணம் கூறப் புகுந்த நம் வள்ளுவரோ, சொல் நடந்ததோடு பொருந்துகிறதா என்று தொடங்காமல், அது பிறர்க்குத் தீங்கு தருகிறதா என்றே தொடங்கினார். அகுஸ்தீன் அவரோடு உடன்பட்டிருக்கமாட்டார். இருவருக்கும் நடுவில் எங்கோ ஓர் ஏழை எரிக்கோப் பெண் நிற்கிறாள்.

சொல்லின் நேர்மையை மட்டும் பார்த்தால் எங்கே போய் முடியும் என்பதற்கும் ஒரு பண்ணை வீடே சான்று. 1581 ஜூலையில் லைஃபோர்டு கிரேஞ்ச் என்னும் வீட்டில் எட்மண்ட் கேம்பியன் திருப்பலி நிறைவேற்றினார். பக்தனைப்போல் அதில் கலந்துகொண்ட ஜார்ஜ் எலியட் என்பவன் வெளியே போய் ஆட்களைக் கூட்டிவந்தான். வீடு முழுதும் தேடியும் கிடைக்காமல் திரும்பும் வேளையில், படிக்கட்டுக்கு மேலே சுவர்ப் பிளவொன்றில் ஒளிக்கீற்றுத் தெரிய, அங்கே இடித்தார்கள், குருக்கள் அகப்பட்டனர். எலியட் அதிகாரிகளிடம் சொன்னது அத்தனையும் உண்மை. உள்ளே குரு இருக்கிறார் என்றான், இருந்தார். அந்த உண்மைக்கு யூதாசின் முத்தத்தைத் தவிர வேறு உவமை கிடைக்காது.

ஆனால் மறுபக்கத்திலும் ஒரு சறுக்குப் பாதை உண்டு. விசாரணை மன்றத்தில் நிறுத்தப்பட்டவர்களுக்குச் சுவர் இல்லை. வாய் மட்டுமே இருந்தது. அங்கேதான் 'மன ஒதுக்கீடு' என்ற கோட்பாடு வளர்ந்தது. ஒரு வாக்கியத்தின் பாதியை வாயால் சொல்லி, மறுபாதியை மனத்துக்குள் சொல்லிக்கொள்வது. கேட்பவர் தவறாகப் புரிந்துகொண்டால் அது அவர் பாடு. 1595இல் இராபர்ட் சவுத்வெல்லின் வழக்கிலும், 1606இல் ஹென்றி கார்னெட்டின் வழக்கிலும் இதுவே பெரும் குற்றச்சாட்டாகப் பேசப்பட்டது. இருவரும் தூக்கிலிடப்பட்டனர். கழுத்தில் கயிறு தொங்கும் நிலையில் ஒருவர் தேடிய சொற்களை நாற்காலியில் அமர்ந்து குறைசொல்ல எனக்கு மனமில்லை. எனினும் அந்தக் கோட்பாட்டை என்னால் நேசிக்க முடிந்ததில்லை. தச்சனின் வழி அதைவிடத் தூயது. திருச்சபையும் ஒரு கட்டத்தில் எல்லை வகுத்தது. 1679இல் திருத்தந்தை பதினொன்றாம் இன்னசென்ட், மன ஒதுக்கீட்டைத் தாராளமாக அனுமதித்த கூற்றுகளைக் கண்டனம் செய்தார்.

அப்படியானால் மறைவிடத்தின் நேர்மையை எதைக்கொண்டு அளப்பது? யாரை மறைக்கிறது, அந்த மறைவுக்கு யார் விலை கொடுக்கிறார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும் என்று தோன்றுகிறது.

இம்மறைவிடங்களைச் செய்வதில் தலைசிறந்தவர் நிக்கோலாஸ் ஓவன். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த தச்சரின் மகன். இயேசு சபையின் சகோதரர். உருவத்தில் மிகவும் குள்ளமானவர். பகலில் எல்லாரும் காண ஏதேனும் பழுதுபார்க்கும் வேலை செய்வார். இரவில் தனியாகக் கல்லையும் மரத்தையும் குடைவார். ஒன்றைப் போல் மற்றொன்றைச் செய்யமாட்டார். ஒன்று பிடிபட்டால் மற்றது பிழைக்கவேண்டும் அல்லவா? 1606 சனவரியில் ஹின்ட்லிப் மாளிகையில் நாட்கணக்கில் உணவின்றி ஒளிந்திருந்தபின், ரால்ஃப் ஆஷ்லி என்ற தோழரோடு தாமே வெளியே வந்தார். உள்ளே இருந்த குருக்களைத் தேடுவது அத்துடன் நின்றுவிடும் என்ற எண்ணம்போலும். இலண்டன் கோபுரச் சிறையில் வதைபட்டே அவர் இறந்தார். ஒரு மறைவிடத்தையும் சொல்லவில்லை. தாம் அமைத்த இடங்களில் எத்தனையோ பேர் உயிர்தப்ப, அதை அமைத்தவர் தம் உடலையே கடைசிச் சுவராக நிறுத்தினார்.

யார்க் நகரத்து இறைச்சி வணிகரின் மனைவி மார்கரெட் கிளித்தரோவின் வரலாறு இன்னும் நெஞ்சை உறுத்துவது. அவர் வீட்டின் இரகசிய அறையை, அங்கே இருந்த ஒரு சிறுவன் மிரட்டலுக்கு அஞ்சிக் காட்டிவிட்டான். அச்சிறுவனை நான் குறைகூறமாட்டேன். பெரியவர்களின் இரகசியத்தைச் சுமக்கும் வயதா அது? மார்கரெட்டும் இதை உணர்ந்திருந்தார். வழக்கு நடந்தால் தம் பிள்ளைகளும் பணியாளர்களும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுவார்கள். அவர்கள் ஒன்று பொய் சொல்லவேண்டும் அல்லது தாயைக் கொல்லவேண்டும். ஆகவே குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கே விடைகூற மறுத்தார். விடைகூறாதவரைப் பாரமேற்றி நசுக்கிக் கொல்வது அன்றைய சட்டம். 1586 மார்ச் 25 அன்று அவ்வாறே கொன்றார்கள். ஓவனையும் மார்கரெட்டையும் 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நாற்பது மறைசாட்சிகளுள் சேர்த்துப் புனிதராக உயர்த்தினார்.

இவர்களுடைய மௌனத்தில் ஒரு சிறுதுளிகூடத் தங்களுக்காக இல்லை. மறைவிடத்துக்குள் இருந்தவர் வேறு. விலை கொடுத்தவர் வேறு. விருந்தினன் உள்ளே, வீட்டுக்காரன் வெளியே என்பதே அந்த வீடுகளின் அமைப்பு.

அந்த அமைப்பு தலைகீழாகிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நம் தலைமுறை கண்டுவிட்டது. 2009 நவம்பரில் அயர்லாந்தில் வெளியான மர்ஃபி விசாரணைக் குழுவின் அறிக்கை, டப்ளின் உயர்மறைமாவட்டத்தில் சிறாரைச் சீரழித்த குருக்களைப் பற்றிய புகார்கள் பல ஆண்டுகள் மறைக்கப்பட்டதை விவரித்தது. அவதூறு எழாமல் தடுப்பதும், திருச்சபையின் பெயரையும் உடைமையையும் காப்பதுமே முதன்மையாக இருந்தன என்று அது கண்டது. முன்னாள் பேராயர் ஒருவர் தாம் பேசிய முறையை விளக்குகையில் எடுத்துக்காட்டியது எதைத் தெரியுமா? அதே பழைய மன ஒதுக்கீட்டைத்தான். தூக்குமேடைக்கு முன் நின்றவர்களுக்காகத் தேடப்பட்ட சொற்கள், எந்தத் தூக்குமேடையும் இல்லாத அலுவலகத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கு எதிராகப் பயன்பட்டன. இங்கே மறைவிடத்துக்குள் இருந்தவர் வலியவர். வெளியே நின்று விலை கொடுத்தது குழந்தை. உண்மையை அறிய உரிமை இல்லாதவரிடம் மறைக்கலாம் என்கிறது மறைக்கல்வி. ஒரு பெற்றோருக்குத் தம் பிள்ளைக்கு நேர்ந்ததை அறிய உரிமை இல்லையா? மறைசாட்சிகளின் பீடத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றும் நாம் இந்த இரண்டு சுவர்களையும் ஒரே பெயரால் அழைத்துவிடக் கூடாது.

மோஸ்லிக்குத் திரும்புவோம். அங்கிருந்தபோது அரசர் மாடியில் இருந்த சிற்றாலயத்தைப் பார்த்தார். தமக்கு முடி கிடைத்தால் கத்தோலிக்கர் இப்படி ஒளிய வேண்டியிராது என்று ஹடில்ஸ்டனுக்கு நம்பிக்கை தந்தார். 1660இல் முடி கிடைத்தது. 1672இல் அவர் அறிவித்த சமயத் தளர்வை மறு ஆண்டே நாடாளுமன்றத்தின் நெருக்குதலால் திரும்பப் பெற்றார். 1678இல் டைட்டஸ் ஓட்ஸ் கட்டிவிட்ட சதிக் கதையை அவர் உள்ளூர நம்பவில்லை என்பர் வரலாற்றாசிரியர். ஆயினும் குற்றமற்ற குருக்கள் தூக்குமேடைக்குப் போனபோது அவர் தடுக்கவில்லை. 1681இல் பேராயர் ஆலிவர் பிளங்கெட்டும் கொல்லப்பட்டார். அரசரின் மௌனம் அரசரையே காத்தது; விலை கொடுத்தவர்கள் வேறு.

1685 பிப்ரவரி 5ஆம் நாள் இரவு, ஒயிட்ஹால் அரண்மனையில் அவர் மரணப் படுக்கையில் கிடந்தார். தம்பி ஜேம்ஸ், குனிந்து காதோடு காதாகக் கேட்டு, ஒரு குருவை அழைத்துவரச் செய்தார். பின்படிக்கட்டு வழியே, மாற்று முடியும் மேலங்கியும் அணிந்து, மறைவான கதவின் ஊடாகப் படுக்கையருகே வந்து நின்றவர் ஹடில்ஸ்டன். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் தரைப்பலகையைத் தூக்கி அரசரை உள்ளே இறக்கிய வீட்டின் குரு, இப்போது அரசரின் வீட்டில் ஒளிந்து நுழைய வேண்டியிருந்தது. ஒப்புரவு அருளடையாளம், நோயில்பூசுதல், நற்கருணை ஆகியவற்றைப் பெற்றுக் கத்தோலிக்கராக மறுநாள் அரசர் இறந்தார்.

மோஸ்லியில் அவர் கையெழுத்துப் படியாக வாசித்த ஒரு சிறுநூல் உண்டு. ஹடில்ஸ்டனின் உறவினர் ரிச்சர்டு ஹடில்ஸ்டன் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி கத்தோலிக்க விசுவாசத்தை விளக்கி எழுதியது. 1688இல் ஹடில்ஸ்டன் அதை அச்சிட்டு, அரசரின் இறுதி நேரத்தைப் பற்றிய தம் குறிப்பையும் அதனோடு வெளியிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் கத்தோலிக்க அரசரான இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடினார். கத்தோலிக்கர் வெளிப்படையாகத் திருப்பலி காணச் சட்டம் இடந்தர மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1791ஆம் ஆண்டுவரை அவர்களுடைய பலிபீடங்கள் பெரும்பாலும் வீடுகளின் மாடியறைகளிலேயே இருந்தன.